கருங்காலியும் மின் கிற்றாரும்

இசைக்கருவிகளின் வரலாறு பெரும்பாலும் அவற்றை வாசித்தோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. கருவியைச் செய்தோர் அதற்கு அடுத்தபடியாகவே இடம்பெறுவர். கருவிக்கு உடலாய் அமைந்த மரம் எக்காட்டில் நின்றது, எத்துறைமுகத்தால் வெளியேறியது, அது தீர்ந்தபோது கருவியின் அமைப்பு எவ்வாறு மாறியது என்பன அருகியே ஆராயப்பட்டுள்ளன. மின் கிற்றார் அமெரிக்காவில் பிறந்த கருவி. எனினும் அதன் அமைப்பில் நிகழ்ந்த திருத்தங்களின் வரலாற்றில் ஓரிழை பேராதனையையும் மகாவலியின் கீழ்நிலக் காடுகளையும் தொட்டுச் செல்கின்றது. மற்றோரிழை யாழ்ப்பாணத்திலே சிறுபராயத்தைக் கழித்த வயலின் கலைஞர் ஒருவரிடம் சென்று சேர்கின்றது. இவ்விரண்டும் சந்திக்குமிடம் கிற்றாரின் விரற்பலகை என்னும் ஒரு சிறு உறுப்பேயாகும்.

கிற்றாரின் கழுத்தின்மேல் ஒட்டப்படும் நீண்ட மெல்லிய பலகையே விரற்பலகை. அதன் குறுக்கே உலோக மெட்டுகள் பதிக்கப்பட்டிருக்கும். வாசிப்பவர் கம்பியை ஒரு மெட்டின் பின்னால் அழுத்த, கம்பி அம்மெட்டின் முகட்டிலே தங்கி, எஞ்சிய நீளம் மாத்திரம் அதிர்கின்றது. இப்பலகைக்குக் கருங்காலி வேண்டும் என்ற எண்ணம் கிற்றாரிலே தோன்றியதன்று, வயலினிலிருந்து வந்தது. வயலினுக்கு மெட்டு இல்லை. கம்பி நேரே மரத்தின்மீது அழுந்துகின்றது. மென்மரமாயின் சில காலத்திலேயே அதில் வடு விழுந்து சுருதி பிசகும். ஆகவே வைரம் பாய்ந்த மரம் அங்கே இன்றியமையாததாயிற்று. கிற்றாரிலோ தேய்மானத்தின் பெரும்பங்கை உலோக மெட்டே ஏற்றுக்கொள்கின்றது. தேவை குறைந்த இடத்துக்கும் மரம் வந்து சேர்ந்ததற்கு வயலினின் மதிப்பும் கறுப்பு நிறத்தின் கவர்ச்சியுமே முதன்மையான காரணங்கள் எனலாம்.

இலங்கைக் கருங்காலி தாவரவியலாரால் 'டயோஸ்பைரோஸ் எபெனம்' என வழங்கப்படுவது. தமிழகத்தில் கருங்காலி என்ற பெயர் முள்மரம் ஒன்றுக்கும் வழங்குவதால் இவ்வேறுபாட்டை மனங்கொள்ளல் வேண்டும். (வேலைநிறுத்தத்தை முறிப்போருக்குத் தொழிற்சங்க மேடைகளிலே இப்பெயர் வழங்கும் வரலாறு தனியே எழுதத்தக்கது.) 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், தரங்கம்பாடியைத் தளமாகக் கொண்டு பணியாற்றியவரும் லினேயசின் மாணவருமான யொகான் கெர்காட் கோனிக் என்பாரின் பெயரோடு இம்மரத்தின் அறிவியற் பெயர் இணைந்துள்ளது. இலங்கையின் தாவரங்களை முறைப்பட ஆராய்ந்து நூலாக்கும் பணி பின்னர் பேராதனையிலேயே நடைபெற்றது. 1821இல் அங்கு அமைக்கப்பட்ட தாவரவியற் பூங்காவின் பொறுப்பை 1849 முதல் வகித்த துவைற்ஸ், அவருக்குப் பின் 1880இல் வந்த ஹென்றி திறைமன் ஆகிய இருவரின் உழைப்பும் இத்துறையில் பெரிது. திறைமனின் இலங்கைத் தாவரக் கைந்நூல், இம்மரத்தின் சிங்களப் பெயராகிய களுவர என்பதோடு கருங்காலி என்னும் தமிழ்ப் பெயரையும் பதிவு செய்துள்ளது.

துவைற்ஸ் பெயரிட்ட கருங்காலி இன மரங்களுள் ஒன்றின் கதை ஈண்டு நோக்கற்பாலது. சிங்களத்திலே களுமெதிரிய எனவும் ஐரோப்பிய வணிகரால் கலமண்டர் எனவும் அழைக்கப்பட்ட அம்மரத்துக்கு அவர் இட்ட இலத்தீன் அடைமொழி 'குவேசிற்றா' என்பதாம். தேடப்படுவது என்பது அதன் பொருள். பெயர் வாய்த்தவாறே மரமும் தேடித் தேடி வெட்டப்பட்டது. 1859இல் வெளிவந்த தமது நூலிலே எமேர்சன் ரெனன்ற், ஒல்லாந்தரும் அவர்க்குப் பின் ஆங்கிலேயரும் மறுநடுகை பற்றிய சிந்தனையின்றி வெட்டியமையால் கலமண்டர் மிக அரிதாகிவிட்டதென எழுதினார். தளபாட மோகம் ஒரு மரவினத்தை அரும்பொருளாக்கிய செய்தி அன்றே அச்சேறிவிட்டது. மாறாக, கருங்காலி திருகோணமலைக்கு மேற்கே உள்ள சமநிலங்களில் மிகுதியாக வளர்கின்றதென்றும் அதே நூல் கூறுகின்றது. அந்த மிகுதியும் நிலைத்திருக்கவில்லை.

கண்டிச் சூழலில் நின்று இவ்விடயத்தை நோக்குவோருக்கு ஓர் ஆறு முழுக் கதையையும் சொல்லிவிடுகின்றது. பேராதனைப் பூங்காவை மும்முகமாக வளைத்தோடும் மகாவலி, கண்டி நகரைச் சுற்றி, தும்பறைப் பள்ளத்தாக்கினூடே கிழக்கு நோக்கிச் சென்று, பின் வடக்கே திரும்பி வரண்ட நிலக் காடுகளுக்கூடாகப் பாய்ந்து, திருகோணமலையின் கொட்டியாரக் குடாவிலே கடலை அடைகின்றது. மரத்தை ஆராய்ந்து நூலெழுதிய இடம் அதன் மேற்பகுதியில் உளது. மரம் வளர்ந்த காடு அதன் கீழ்ப்பகுதியில் உளது. மரம் கப்பலேறிய கரை அதன் கழிமுகத்தில் உளது. 1977க்குப் பின் விரைவுபடுத்தப்பட்ட மகாவலித் திட்டத்தின் கீழ் அக்காடுகளின் பெரும்பரப்புகள் வயலுக்கும் குடியேற்றத்துக்குமாக அழிக்கப்பட்டன. கருங்காலியின் அருகலுக்கு இசைக்கருவி வாணிபம் மாத்திரமே காரணம் எனல் வரலாற்றுக்கு ஒவ்வாது. தளபாடமும், தோட்டமும், வயலும், போரும் தத்தம் பங்கைப் பெற்றன. எனினும் வைரம் திரள நெடுங்காலம் வேண்டும் ஒரு மரத்துக்குச் சிறு தேவையும் பெருஞ்சுமையே.

இனி மின் கிற்றாரின் தோற்றத்தை நோக்கலாம். முதலில் விற்பனைக்கு வந்த மின் கிற்றாரின் உடல் மரத்தாலானதன்று என்பது பலரும் அறியாத செய்தி. ஜோர்ஜ் போஷம், அடொல்ப் றிக்கன்பக்கர் ஆகியோரின் முயற்சியால் 1932இல் கலிபோர்னியாவில் விற்பனைக்கு வந்த அக்கருவி, வார்ப்பு அலுமினியத்தாலானது. மடியிற் கிடத்தி உருக்குத் துண்டொன்றைக் கம்பிமேல் நகர்த்தி வாசிக்கும் ஹவாய் முறைக்கென அது அமைக்கப்பட்டது. உருவத்தை நோக்கிப் 'பொரிக்கும் தாச்சி' என்றே அதற்குப் பெயர் வழங்கலாயிற்று. காந்தமும் செப்புக்கம்பிச் சுருளும் கொண்ட பிக்கப், கம்பியின் அசைவை மின்னாக மாற்றியது. மரப்பெட்டியின் அதிர்வைப் பெருக்கும் வேலை இனி இல்லை. ஆயினும் மேடை விளக்குகளின் வெப்பத்தில் அலுமினியம் விரிந்து சுருதி கலைந்தமை பெருங்குறையாயிற்று. 1935இல் அதே நிறுவனம் பேக்கலைற் என்னும் பிசினால் ஆன கருவியை வெளியிட்டது. மின் கிற்றாரின் முதலாவது பெருந்திருத்தம் இவ்வாறு ஒரு செயற்கைப் பொருளை நாடியதாகவே அமைந்தது.

திண்ம மர உடல் பரவலானமை இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய நிகழ்ச்சி. லெஸ் போல் என்னும் இசைஞர் 1940களின் தொடக்கத்தில் ஒரு பைன் மரக் கட்டையிலே கம்பி பூட்டி, பக்கங்களில் கிற்றாரின் இரு பாதிகளை ஒட்டவைத்துக் காட்டிய பரிசோதனை, திண்ம உடலின் சாத்தியத்தை நிறுவியது. லியோ பெண்டர் 1950இல் வெளியிட்ட கருவி அடுத்த ஆண்டிலே ரெலிகாஸ்ரர் என்ற பெயரைப் பெற்றது. 1954இல் ஸ்ராற்றோகாஸ்ரர் வந்தது. பெண்டர் கிற்றார் வாசித்தறியாதவர். வானொலி திருத்துவதைத் தொழிலாகக் கொண்டிருந்தவர். பழுதானால் கழற்றி மாற்றலாம் என்பதே அவர் வடிவமைப்பின் உயிர்நிலை. கழுத்து நான்கு திருகாணிகளால் உடலோடு பூட்டப்பட்டது. விரற்பலகை என்ற தனியுறுப்பே அதில் இல்லை. ஒரே மேப்பிள் மரத் துண்டிலே மெட்டுகள் பதிக்கப்பட்டன. மேப்பிளின்மீது பூசப்பட்ட மெருகு தேய்ந்து அழுக்கேறிக் காணப்பட்டமையால் 1950களின் இறுதியில் அந்நிறுவனமும் ஈட்டி இனப் பலகையை மேலே ஒட்டத் தொடங்கியது. இம்மாற்றத்தில் தோற்றம் பற்றிய கவலையே மேலோங்கி நின்றது என்பது குறிப்பிடத்தக்கது.

மறுபுறத்தில் கிப்சன் நிறுவனம் 1952இல் லெஸ் போலின் பெயர் தாங்கிய கருவியை ஈட்டிப் பலகையோடு வெளியிட்டது. இலங்கைப் பல்கலைக்கழகம் கொழும்பிலிருந்து பேராதனைக்குப் பெயர்ந்ததும் அவ்வாண்டிலேதான். பேராதனை வளாகத்தின் முறையான திறப்பு விழா நிகழ்ந்த 1954இல், கிப்சன் அதன் உயர்விலை வகையான லெஸ் போல் கஸ்ரத்தை வெளியிட்டது. உடல் முழுவதும் கறுப்பு மெருகு, விரற்பலகை கருங்காலி, அதில் முத்துச்சிப்பிப் பதிப்புகள். மேடையிலே மாலை விருந்துடை போலத் தோன்றவேண்டும் என்பதற்காகக் கறுப்பைத் தேர்ந்ததாக லெஸ் போலே கூறியுள்ளார். கருங்காலி இங்கே ஒலிக்காக அன்றி உடுப்புக்காகவே வந்தமைந்தது என்று கூறின் அது மிகையாகாது. அவ்வாறு வந்தது பின் மரபாயிற்று. மரபு பின் தரத்தின் அளவுகோலாயிற்று.

கருங்காலியை விரும்புவோர் கூறும் காரணங்கள் முற்றாகத் தள்ளத்தக்கன அல்ல. அதன் வழுவழுப்பு விரலுக்கு இதமானது. கம்பியைப் பக்கவாட்டில் இழுத்து வாசிக்கும்போது விரல்நுனி மரத்தில் உரசுகின்றது. மென்மரமாயின் ஆங்காங்கே குழி விழும். ஈரப்பதம் மாறும்போதும் நன்கு உலர்த்திய கருங்காலி உறுதியாய் நிற்கும். ஒலி தெளிவாக வருகின்றது என்பாரும் உளர். ஆனால், கம்பி தங்குவது உலோக மெட்டில். பிக்கப் வாங்குவது கம்பியின் அசைவை. இடையே நிற்கும் மரத்தின் நிறமும் இனமும் கேட்போர் செவிக்கு எவ்வளவு எட்டும் என்பதில் கருவியாக்குநரிடையே இன்றுவரை இணக்கமில்லை.

இவ்விடத்திலேயே தமிழர் கருவி மரபு ஒரு விடையைத் தயாராக வைத்திருந்தது. வீணையின் 24 மெட்டுகள் மரத்திலே பதிக்கப்படுவதில்லை. தண்டியின் இருபுறமும் எழுப்பப்பட்ட கரிய மெழுகு வரம்புகளின்மேல் அவை இருத்தப்படுகின்றன. மெட்டுகளுக்கிடையே கீழே வெற்றிடமே உண்டு. விரல் கம்பியை அழுத்துகின்றது, இழுக்கின்றது, மரத்தைத் தொடுவதில்லை. கமகம் பிறப்பது இந்த வெளியிலேதான். விரற்பலகை என ஒன்று தேவையில்லை என்ற முடிவை வீணை பல தலைமுறைகளுக்கு முன்பே எட்டிவிட்டது. அதன் குடமும் தண்டியும் செய்யப்படுவது வீட்டு வளவிலும் நிற்கும் பலாவினால். கண்டிப் பெரஹராவிலே ஒலிக்கும் கெட்ட பெரய என்னும் பறையின் உடலும் பலா, வேம்பு, கொன்றை முதலிய ஊர்மரங்களிலேயே கடையப்படுவது வழக்கம். எம்பக்க தேவாலயத்தின் மரத்தூண்களைச் செதுக்கிய நாட்டிலே மரத்தின் அருமை அறியாதாரில்லை. ஆயினும் இசைக்கருவிக்கென வரண்ட காட்டின் கரிய வைரத்தைத் தேடி அவர்கள் செல்லவில்லை.

வீணையின் இவ்வமைப்பு மேனாட்டுக் கிற்றாருக்குச் சென்ற வழி தெளிவாகத் தெரிகின்றது. ஆங்கிலேயக் கிற்றார்க் கலைஞர் ஜோன் மக்லோக்லின் 1970களின் முற்பகுதியில் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்திலே கலாநிதி எஸ். இராமநாதனிடம் வீணை பயின்றார். அங்கேயே எல். சங்கர் என்னும் இளம் வயலின் கலைஞரையும் சந்தித்தார். சங்கர் 1950இல் சென்னையிற் பிறந்தவர். தந்தையார் வி. இலட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தமையால் சிறுபராயம் அங்கே கழிந்தது. 1958 வன்செயல்களை அடுத்து அக்குடும்பம் சென்னைக்கு மீண்டது. மக்லோக்லினும் சங்கரும் சாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் ஆகியோருடன் 1975இல் தொடங்கிய குழுவே சக்தி. அக்குழுவுக்கென ஏப்ரகாம் வெக்ரர் என்னும் ஆக்குநர் செய்தளித்த கிற்றாரிலே இரு புதுமைகள் இருந்தன. ஏழு சுருதிக் கம்பிகள் ஒலித்துளையின் குறுக்கே சாய்வாக அமைந்தன. விரற்பலகையின் மரம் மெட்டுகளுக்கிடையே பள்ளமாகக் குடையப்பட்டது. கம்பி மரத்தில் முட்டாமையால் வீணையிற்போலக் கம்பியை இழுத்துக் கமகம் காட்டல் இயல்வதாயிற்று. சக்திக்குப் பின் தமது மின் கிற்றாரிலும் மக்லோக்லின் அதே பள்ளப் பலகையைப் பயன்படுத்தினார். கருங்காலியின் வழுவழுப்புக்கு அங்கே வேலையே இல்லை.

பின்னாளில் அதே மக்லோக்லினுடன் மேடையேறிய யூ. ஸ்ரீநிவாஸ் (1969–2014) மண்டலினைத் திருத்திய முறையும் இதனோடு ஒப்பிடத்தக்கது. இரட்டைக் கம்பிகளாய் எட்டு இருந்த இடத்தில் ஒற்றைக் கம்பிகள் ஐந்து, மரப்பெட்டியின் ஒலிக்குப் பதில் மின்னொலி என அவர் அமைத்துக்கொண்டார். இரட்டைக் கம்பியை ஒருசேர இழுத்துக் கமகம் காட்டுதல் அரிது. குறைத்தமையே அவருக்குத் திருத்தமாயிற்று.

சங்கரின் தேவை வேறு. பத்துக் கம்பிகளும் இரு கழுத்துகளும் கொண்டு, வயலின் முதல் டபிள் பேஸ் வரையான ஒலியெல்லையை ஒரே கருவியிலே தரவல்ல மின் வயலினை அவர் திட்டமிட்டார். 1980ஆம் ஆண்டளவில் அதனைச் செய்து கொடுத்தவர் கென் பாக்கர் என்னும் அமெரிக்கக் கருவியாக்குநர். கழுத்துகள் கூடும்போது கருவி கனக்கும். கனத்தால் வாசிப்பவரின் தோளும் கையும் தளரும். கனமின்றி உறுதி காண்பது எவ்வாறு என்ற வினா பாக்கரின் வாழ்நாள் ஆய்வாக இருந்தது. ஒலியியல் வல்லுநர் லரி பிஷ்மனோடு சேர்ந்து 1993இல் அவர் வெளியிட்ட 'பிளை' என்னும் மின் கிற்றார், பெண்டரும் கிப்சனும் வகுத்த வடிவத்தை அடிமுதல் மறுபரிசீலனை செய்த அரிய முயற்சிகளுள் ஒன்று. பாரமற்ற மரத்தை மெல்லியதாய்ச் செதுக்கி, அதன்மேல் கரி இழையும் கண்ணாடி இழையும் பிசினோடு போர்த்தி, எலும்புக்குப் பதில் ஓட்டினால் வலிமை பெறும் நண்டினைப் போல அவர் அதனை அமைத்தார். நிறை இரண்டேகால் கிலோ அளவே. லெஸ் போல் வகை நான்கு கிலோவையும் தாண்டும். விரற்பலகையோ இழைகளும் பிசினும் கலந்த செயற்கைத் தகடு. அதிலே கறையிலா உருக்கு மெட்டுகள் ஒட்டப்பட்டன. அவை தேய்வது மிக அரிது. ஈட்டியும் இல்லை, கருங்காலியும் இல்லை.

ஆயினும் சந்தை அதனைத் தழுவிக்கொள்ளவில்லை. வாங்குவோர் 1950களின் உருவத்தையே மீண்டும் மீண்டும் நாடினர். புதிய வடிவத்தை ஏற்கவேண்டிய கட்டாயம் அழகுணர்ச்சியிலிருந்து வரவில்லை, சட்டத்திலிருந்து வந்தது. காட்டுயிர் வாணிபம் பற்றிய அமெரிக்காவின் லேசிச் சட்டம் 2008இல் மரங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. மடகாஸ்கர்க் கருங்காலி தொடர்பாக 2009இலும், இந்தியக் கருங்காலி, ஈட்டி ஆகியன தொடர்பாக 2011இலும் கிப்சனின் தொழிற்சாலைகள் அரச அதிகாரிகளாற் சோதனையிடப்பட்டன. 2012இல் அந்நிறுவனம் 3,00,000 டொலர் தண்டம் செலுத்த இணங்கி வழக்கு விசாரணையைத் தவிர்த்துக்கொண்டது. அவ்வாண்டளவிலேயே லெஸ் போல் கஸ்ரத்தின் கருங்காலிப் பலகைக்குப் பதிலாக, கடதாசியையும் பிசினையும் அழுத்திச் செய்யும் றிச்லைற் என்னும் தகடு புகுந்தது. தொடுவதிலும் நிறத்திலும் அது கருங்காலியை ஒத்தது, தேய்விலும் குறைந்ததன்று. வாங்கியோர் பலர் முணுமுணுத்தனர். அவர்களின் முறைப்பாடு பெரும்பாலும் ஒலி பற்றியதன்று, கொடுத்த விலைக்குக் கடதாசியா என்பதே. 1954இல் உடுப்பாக வந்த மரம் 2012இல் உடுப்பாகவே தேடப்பட்டது. பின்னர் உயர்விலை வகைகளிலே கருங்காலி மீண்டும் இடம்பெற்றது.

இதே காலத்தில் வேறொரு வழியும் காட்டப்பட்டது. 2011இல் கமரூன் நாட்டின் கருங்காலி ஆலை ஒன்றிலே பங்குகொண்ட ரெயிலர் கிற்றார் நிறுவனத்தினர், அங்கு பத்து மரங்களை வீழ்த்தினால் ஒன்றே முழுக்கறுப்பாய் இருப்பதையும், கோடு பாய்ந்த ஏனையவை காட்டிலேயே அழுக விடப்படுவதையும் கண்டனர். வெட்டிப் பார்த்தாலன்றி வைரத்தின் நிறம் தெரியாது. கோடு பாய்ந்த மரத்தையும் தமது கருவிகளிலே பயன்படுத்தத் தொடங்கிய அவர்கள், அதனை வாங்குவோர்க்கு வெளிப்படையாகவே எடுத்துரைத்தனர். புதிய பொருளைக் கண்டுபிடித்ததினும் இது பெரிய திருத்தம் எனல் தகும். மாறியது கருவியன்று, நிறம் பற்றிய தீர்ப்பு.

ஈட்டி இனங்கள் யாவும் 2017இல் பன்னாட்டு வாணிபக் கட்டுப்பாட்டுப் பட்டியலிற் சேர்க்கப்பட்டன. செய்து முடிக்கப்பட்ட இசைக்கருவிகளுக்கு 2019இல் விலக்களிக்கப்பட்டது. இலங்கையிலே கருங்காலியை வெட்டுவதும் கொண்டுசெல்வதும் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. வயலினின் நிலையோ கிற்றாரினின்றும் வேறானது. மெட்டில்லாத அக்கருவிக்கு வன்மையான விரற்பலகை இன்றும் உண்மைத் தேவை. கருநாடக இசையிலே கம்பிமேல் விரலை இழைத்துச் செல்லும் வாசிப்பு அத்தேவையை மேலும் மிகுவிக்கின்றது. கிடைக்கும் சிறிதளவு மரம் யாருக்குச் செல்லவேண்டும் என்ற வினா எழுமாயின், கிற்றாரைவிட வயலினுக்கே உரிமை அதிகம். பாக்கரின் பெயரால் இயங்கிய நிறுவனம் முன்னரே கைமாறி 2016இல் உற்பத்தியை நிறுத்தியது. பாக்கரோ அதற்கு வெகுமுன்பே அதிலிருந்து விலகி, மின்னின்றி ஒலிக்கும் வளைமுகக் கிற்றார்களைத் தனியொருவராய்ச் செய்யும் பணியில் இறங்கியிருந்தார்.